நுரைக்கு அடியில் இருந்த கைகள்

அந்தப் பழைய வீட்டுக்கு அவளும் கணவனும் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். பயப்பட அங்கே ஒன்றுமே இல்லை, கண்ணுகளா. அவள் பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்கிறவள். அவன் அவற்றுக்குச் சட்டம் போடுகிறவன். பதினெட்டாம் நூற்றாண்டில் தீட்டிய அருவிப் படம் ஒன்று அங்கே புகையேறி மங்கிக் கிடந்தது. அதை மேசையில் கிடத்தினார்கள். சட்டத்தைக் கழற்றிக் கழுவ அவன் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

அவள் குச்சியில் பஞ்சு சுற்றி, நாக்கில் நனைத்து, அருவியின் நுரையைத் துடைத்தாள். பழைய அழுக்குக்கு எச்சிலைப் போல இதமானது வேறில்லை.

"நக்கிக்கிட்டே இருக்கியே, பூனை தோத்துச்சு போ."

"பூனைக்குச் சட்டம் போடத் தெரிஞ்சா உங்களை எதுக்குக் கூட்டிட்டு வரேன்?"

நுரை கரைந்தது. அடியில் தோலின் நிறம். யாரோ பின்னாளில் வெள்ளை பூசி மறைத்திருந்த இரண்டு கைகள். அவை ஒரு தலையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்திருந்தன.

"வேணாம்டி. காரணம் இல்லாமலா மூடி வச்சிருக்காங்க?"

"இருங்க, அமுக்குறவன் முகத்தையும் பாத்துடலாம்."

படத்தைத் தொட்ட பஞ்சை மறுபடி வாயில் வைக்கக் கூடாது. அந்தத் தொழிலில் முதல் பாடமே அதுதான். அவசரத்தில் அவள் அந்தப் பஞ்சையே நாக்கில் வைத்துவிட்டாள்.

பாசி நாற்றம். சில்லென்று தண்ணீர் தொண்டையில் இறங்கியது.

படத்தைப் பார்த்தாள். தலை இருந்தது.

கைகள் இல்லை.

பக்கத்தில் தண்ணீர் அலறியது. வாளி!

அவளுடைய கைகள்தான், கண்ணுகளா. கணவனின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து வாளிக்குள் அமுக்கிக்கொண்டிருந்தன. விளிம்பில் மோதி அவன் பல் உடைந்தது. தண்ணீர் சிவந்தது.

"விடு! விடு!" என்று தன் கைகளைப் பார்த்தே கதறினாள்.

அவை கேட்கவில்லை.

துழாவிய அவன் கையில் சுத்தியல் அகப்பட்டது. ஓங்கி அடித்தான். விரலெலும்பு நொறுங்கியது. மறுபடி அடித்தான்.

பிடி விட்டது.

படத்துக்குள் கைகள் திரும்பி வந்திருந்தன. வாயில் ரத்தம் ஒழுக, அவன் அவள் பெட்டியிலிருந்த வெள்ளை வண்ணத்தை அள்ளி அவற்றின்மேல் அப்பினான்.

வீடு திரும்பினார்கள். அவளுக்கு இரண்டு கைகளிலும் கட்டு.

"அழாதடி. அது நீ இல்லன்னு எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, அவன் முகம் கழுவத் தொட்டிமேல் குனிந்தான். குழாய்த் தண்ணீர் சத்தத்தோடு விழுந்தது.

கட்டுக்குள்ளே ஒடிந்த விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

"ஏங்க!" என்று கத்த வாயைத் திறந்தாள்.

வாய் நிறைய நுரை.