வண்டி இரண்டு முறை எழும்பியது

பின்கதவைத் திறந்துவிட, மகள் இறங்கும்போது வண்டி லேசாக எழும்பும். ஏழு வயதுப் பிள்ளையின் எடைக்கு அவ்வளவுதான், ஒரு விரல் உயரம். எந்த வண்டியும் அப்படித்தான். ஆனால் இந்த வண்டி, மகள் இறங்கி, பையைத் தோளில் மாட்டி, வாசலை நோக்கி நாலடி நடந்த பிறகு, மறுபடியும் ஒரு விரல் எழும்பியது.

கண்ணக்கா அதைப் பார்த்தாள். பார்த்ததை மனதில் போட்டுக்கொள்ளவில்லை. கடல் தாண்டி வந்த பழைய வண்டி, அதற்கென்று நாலு குணம் இருக்கத்தானே செய்யும்.

கண்ணக்கா என்பது ஊர் வைத்த பெயர். பரிசோதனைக்கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது அவள் வேலை. "கையை மடக்கு கண்ணு, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும் கண்ணு" என்று எண்பது வயதுக்காரரிடமும் சொல்லுவாள். அவரும் மடக்கிக்கொள்வார். பெற்ற மகளும் அவளுக்குக் கண்ணுதான். பிள்ளைக்கு வைத்த பெயர் பள்ளி அட்டையோடு சரி. கணவன் போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. வீட்டில் இவர்கள் இரண்டே பேர்.

வண்டியை அனுப்பியது தம்பி. வெளிநாட்டில், பழைய கார்களைக் கழுவித் துடைத்துக் கப்பலேற்றும் யார்டில் அவனுக்கு வேலை. "ஒரு டீச்சரம்மா ஓட்டின வண்டிக்கா. பூ மாதிரி வச்சிருந்தாங்க. நீ ரத்தப் பெட்டியத் தூக்கிட்டு பஸ்ல அல்லாடுறது எனக்குப் பொறுக்கல" என்றான். அம்மா இறந்தபோது அவனுக்கு மூன்று வயது. இடுப்பில் வைத்து, சோறூட்டி, காய்ச்சலுக்குக் கண் விழித்து வளர்த்தவள் கண்ணக்காதான். வளர்த்ததற்குப் பலன் வந்துவிட்டது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

துறைமுகத்தில் வண்டியை எடுத்துக்கொடுத்த ஏஜென்ட் மட்டும் பின்சீட்டைத் தடவிப் பார்த்தார். "முன்சீட்டு ரெண்டும் பழசு. பின்னாடி மட்டும் புத்தம் புதுசா மாத்தியிருக்காங்க. ஏன்னு உங்க தம்பிகிட்ட கேட்டுக்கங்க" என்றார். கேட்டாள். "டீச்சரம்மாவுக்கு நாய் இருந்துச்சுக்கா, கிழிச்சிருச்சு" என்றான் தம்பி. கேட்டதற்கு உடனே பதில் வந்தது, அவளும் விட்டுவிட்டாள்.

அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக. மத்தியான வெயிலில் நின்ற வண்டியைத் திறந்தால் சூடான பிளாஸ்டிக் வாடைக்கு அடியில் திரிந்த பாலின் புளிப்பு வாடை மெல்ல எழுந்து மூக்கின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். பின்பக்கக் கண்ணாடியில், உள்ளே, ஒரு சின்ன வாய் ஊதியதைப்போல் வட்டமாக ஆவி படிந்திருக்கும். வீட்டுக்குள் வந்து குடத்தைப் பார்த்தால், காலையில் விளிம்பு வரை நிரப்பி மூடிய குடம், அடியில் ஒரு டம்ளர் தண்ணீரோடு கிடக்கும்.

வண்டியில் மகள் வலது கதவோடு ஒடுங்கி உட்கார ஆரம்பித்திருந்தாள்.

"நல்லா தாராளமா உக்காரேன் கண்ணு. என்ன கஞ்சத்தனம்?"

"இடம் பத்தலம்மா."

கண்ணக்கா கண்ணாடி வழியே பார்த்தாள். மூன்று பேர் உட்காரும் சீட்டு.

வீடு வந்ததும், பழக்கம்போல, பின்கதவைத் திறந்து "இறங்கு கண்ணு" என்றாள். மகள் இறங்கவில்லை. "நீ யாரம்மா கூப்பிடுறே?"

"உன்னத்தாண்டி, வேற யார?"

"அப்ப பேரச் சொல்லிக் கூப்பிடு."

"ஆமா, மகாராணிக்குப் பேரு சொல்லி வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிடணும். இறங்கு." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வண்டி இரண்டு முறை எழும்பியது. சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாளே மெக்கானிக்கிடம் போனாள். அவர் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்துப் பார்த்து, "பின்னாடி ஷாக் அப்சார்பர் செத்துப்போச்சுக்கா. ஒரு தடவ ஆட்டினா ரெண்டு தடவ ஆடும். பேயும் இல்ல பிசாசும் இல்ல" என்றார். அவள் பேய் என்று வாயே திறக்கவில்லை. பின்பக்கம் இரண்டையும் மாற்றினார்.

இன்று பள்ளி அரை நாள். வரும் வழியிலேயே மகள் தூங்கிப்போனாள். பட்டப்பகல், உச்சிவெயில், தெருவில் ஈ காக்கை இல்லை. கண்ணக்கா ஒரு கையில் ரத்தக்குழாய்ப் பெட்டியும் மறு கையில் சாவியுமாக இறங்கி, பின்கதவைத் திறந்து, "எழுந்திரு கண்ணு, வீடு வந்தாச்சு" என்று சொல்லிவிட்டு, பெட்டியைச் சீக்கிரம் குளிரில் வைக்க வேண்டுமே என்று வாசலுக்கு ஓடினாள். முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தும் சத்தம். திரும்பிப் பார்த்தாள். சீருடையும் இரட்டைப் பின்னலுமாகப் பிள்ளை தலை குனிந்து வந்துகொண்டிருந்தது. வண்டி ஒரு விரல் எழும்பியிருந்தது. காத்திருந்தாள். இன்னொரு முறை எழும்பவில்லை. அப்பாடா! மெக்கானிக் வாயில் சர்க்கரையைத்தான் போட வேண்டும். ரிமோட்டை அழுத்தி வண்டியைப் பூட்டினாள்.

பிள்ளை கூடத்தில் தரையில் உட்கார்ந்தது. பேசவில்லை. தூக்கக் கலக்கம் என்று நினைத்தாள். தண்ணீர் கொடுத்தாள், குடித்தது. மறுபடி கொடுத்தாள், அதையும் குடித்தது. நாலாவது டம்ளரையும் வாங்கிக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது.

மனம் லேசாகி, தம்பிக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். "நானும் கிறுக்கச்சி மாதிரி பயந்துட்டேண்டா. இன்னிக்கு ஒரே தடவதான் எழும்புச்சு."

"அக்கா. இறங்கினது யாரு?"

"என்னடா கேள்வி? பாப்பாதான்."

"அக்கா, அந்த டீச்சரம்மா... பள்ளிக்கூட வாசல்ல வண்டிய நிறுத்திட்டு, பின்னாடி பிள்ளை தூங்குறத மறந்துட்டுப் போயிட்டாங்க. சாயங்காலந்தான் வந்து பார்த்தாங்க."

கண்ணக்காவின் கை காதோடு ஒட்டிக்கொண்டது.

"அந்த வண்டிய நான்தான் கழுவினேன். அன்னியிலருந்து அந்தச் செத்த பிள்ளை என் ரூம்ல வந்து உக்காந்துக்கும். ஒரு வருசம்கா. அதுக்கு அம்மா வேணும். நான் எங்க போவேன் சொல்லு? உன்னைவிட நல்லா யாரு பாத்துப்பா? என்னையே நீதான வளர்த்தே."

"தெரிஞ்சேதான் அனுப்பினியா?"

"நம்ம பாஷை அதுக்குத் தெரியாது. ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லிக்கொடுத்தேன்." அவன் அழுதான். "எங்கக்கா உன்னைக் கண்ணுன்னு கூப்பிடும், அப்ப இறங்கிப் போயிடுன்னு."

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்கள். கண்ணக்காவுக்கு வலி நெஞ்சில்தான் வந்தது, நடுநெஞ்சில், குத்தின இடத்தைக் காட்ட முடிகிற மாதிரி. என் கையால் சோறு தின்ற பயல். "பாவி" என்றாள். போன் விழுந்தது.

கூடத்தில் முதுகு.

மகளை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பிறந்ததிலிருந்து பத்து தடவை கூடக் கூப்பிட்டிராத பெயர்.

முதுகு அசையவில்லை.

இன்னொரு முறை கூப்பிட்டாள். உரக்க.

இல்லை.

சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். உதடு தானாகப் பிரிந்தது.

"கண்ணு..."

உடனே திரும்பியது. மகளின் முகம். மகளின் நெற்றி. சிரித்தது. போன வாரம் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. இந்த வாயில் எல்லாப் பல்லும் இருந்தன.

சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். வாசற்படியில் இரண்டு கைகள் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டன. கொதிக்கும் கைகள். உதறினாள். விழுந்தாள். முதுகில் ஏறி, கழுத்தைக் கட்டி, கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டது. பிள்ளை எடை இல்லை. மூட்டை எடை. திரிந்த பால் வாடை. தவழ்ந்தாள். ஒரு முழம். அதற்கு மேல் முடியவில்லை.

எட்டடி தூரத்தில் வண்டி. ரிமோட்டை அழுத்தினாள். விளக்கு இரண்டு முறை மினுங்கியது. பூட்டு திறந்தது. பின்கதவு மட்டும் உள்ளிருந்து திறக்காது. பாப்பா பத்திரம்கா, சைல்டு லாக் எப்பவும் போட்டே வை என்று தம்பி சொல்லியிருந்தான். போட்டே வைத்திருந்தாள்.

கத்தினாள். தெருவில் எல்லாக் கதவும் வெயிலுக்குச் சாத்தியிருந்தன.

பின்கண்ணாடியில், உள்ளே, ஒரு சின்ன உள்ளங்கை. தட்டியது. தட்டியது. நின்றது. மறுபடி தட்டியது.

காதோரம் சூடான மூச்சு சீராக வந்தது. அது தூங்கிவிட்டிருந்தது.

உள்ளங்கை கண்ணாடியில் அப்படியே ஒட்டி, மெல்ல, மெல்லக் கீழே வழுக்கியது.