ஒன்பது வாய்கள்

துணி மறுபடியும் எழுந்திருந்தது.

அவள் அதன்மேல் படுத்துப் புரண்டு, முழங்கையால் நீவி, காற்றையெல்லாம் வெளியேற்றிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். அவ்வளவுதான் நேரம். திரும்பிப் பார்த்தால், தரையோடு தரையாகக் கிடந்த பாராசூட்டின் நடுவில் ஒரு சாண் உயரத்துக்கு மேடு. கொட்டகையின் கதவு சாத்தியிருந்தது. மின்விசிறியைப் பயிற்சியாளரே அணைத்துவிட்டுப் போயிருந்தார். மத்தியான வெயிலில் கூரைத் தகரம் டிக் டிக்கென்று முறுக்கிக்கொள்ளும் சத்தத்தைத் தவிர, எதுவும் அசையாத புழுக்கம்.

வானத்திலிருந்து குதிக்கக் கற்றுக்கொள்ள வந்த எட்டுப் பேரில் அவள்தான் மூத்தவள். நாற்பத்தொன்பது வயது. மற்ற ஏழு பேரும் பாராசூட்டை மடித்து முதுகுப்பைக்குள் அடக்கப் பழகி, முதல் தடவை குதித்தும் முடித்துவிட்டார்கள். அவளுக்கு மூன்று வாரமாக இந்த ஓரிடத்தில்தான் இடித்துக்கொண்டிருந்தது. கயிறுகளைச் சிக்கெடுப்பாள். துணியின் முன்விளிம்பிலிருக்கும் ஒன்பது திறப்புகளையும் எண்ணி அடுக்குவாள். அவற்றை இங்கே எல்லோரும் வாய் என்றுதான் சொன்னார்கள். மேலே போனதும் அந்த வாய்கள் வழியாகத்தான் துணி காற்றைக் குடித்து விரியும். மடிக்கும்போது குடித்ததையெல்லாம் கக்கவைக்க வேண்டும். அவளுடையது கக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு பயிற்சியாளர் வந்தார். முப்பது வயதைத் தாண்டாதவர்.

"என்னக்கா, இன்னும் மல்லுக்கட்டிட்டு இருக்கீங்களா?"

"அக்கான்னு கூப்பிடாதீங்க."

நினைத்ததைவிடக் கடுமையாக வந்துவிட்டது. அவர் ஒரு கணம் விழித்தார்.

"சரிங்க மேடம்." குந்தி உட்கார்ந்து உள்ளங்கையை வைத்து அழுத்தினார். மேடு சொன்ன பேச்சு கேட்டு அடங்கியது. "பாத்தீங்களா, ஒண்ணுமே இல்ல. நீங்க பயந்து பயந்து படுக்கறீங்க. மொத்த வெயிட்டையும் போடுங்க. அதுக்கென்ன உசுரா இருக்கு, வலிக்கிறதுக்கு?"

அவர் கை அழுத்தியிருந்த இடத்தையே அவள் பார்த்தாள்.

"நாளைக்குக் காலைல ஃப்ளைட் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள மடிச்சிட்டீங்கன்னா பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுர்றேன். விட்டா அடுத்த மாசம்தான்."

கதவு சாத்திக்கொண்டது. அவர் காலடி சரளையில் நறநறத்துத் தேய்ந்தது.

கை எடுத்த இடத்தில் துணி மெல்ல, மிக மெல்ல, எழும்பத் தொடங்கியது.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அதன்மேல் குப்புறப் படுத்தாள். வழுவழுப்பான நைலான் கன்னத்தில் சில்லென்று ஒட்டியது. அத்தனை புழுக்கத்தில் அது எப்படிச் சில்லென்று இருக்கும் என்று யோசிப்பதற்குள், மடிப்புகளுக்கு நடுவிலிருந்து ஒரு வாடை கசிந்து வந்தது, தூசியும் பிளாஸ்டிக்கும் மணக்க வேண்டிய இடத்தில் பழைய ரப்பர் குழாயின் வாடை, வியர்வையில் ஊறி ஊறிப் புளித்துப்போன தலையணையின் வாடை. அவள் மார்புக்குக் கீழே துணி ஏறியது. ஏறி நின்றது. பிறகு இறங்கியது. இறங்கி முடிக்கும் இடத்தில் ஒரு சின்னக் கரகரப்பு.

அந்த மூச்சின் கணக்கு அவளுக்குத் தன் நெஞ்சுத் துடிப்பைவிட நன்றாகத் தெரியும்.

ஏழு வருடம் கேட்டது அது. அக்காவின் நுரையீரல் சுருங்க ஆரம்பித்தபோது அவளுக்கு நாற்பத்தொன்று. அதற்கு முன்பே வரன்கள் வருவது நின்றுபோயிருந்தது. "பொடிசுக்கு என்ன அவசரம்? அவ போயிட்டா என்னை யார் பாத்துக்கறது?" என்று வந்தவர்களிடமெல்லாம் அக்கா சிரித்துச் சிரித்தே சொல்லி அனுப்பியிருந்தாள். அக்காவுக்குக் கடைசிவரை அவள் பொடிசுதான். பகலெல்லாம் நீதிமன்றத்தில் யார் யாருடைய வாக்குமூலங்களையோ தட்டச்சு செய்துவிட்டு வந்தால், வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் குர்ரென்று ஓடிக்கொண்டிருக்கும். துடைக்க வேண்டும், புரட்ட வேண்டும், ஊட்ட வேண்டும், திட்டு வாங்க வேண்டும். "உன்னை மாதிரி தங்கச்சி கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்" என்பார்கள் சொந்தக்காரர்கள். சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

போன வருடம் ஒரு விடுமுறை நாள் மத்தியானம், மின்சாரம் போனது. இயந்திரம் நின்றது. மாற்று சிலிண்டர் கூடத்தில் இருந்தது. திருகைத் திருப்பினால் போதும். அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பொடிசு" என்று அறையிலிருந்து குரல் வந்தது.

கொஞ்சம் பொறுத்து மறுபடியும்.

அவள் தண்ணீர்க் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். அவ்வளவுதான் செய்தாள்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. மருத்துவர் இறப்புச் சான்று எழுதிக்கொடுத்தார். சொந்தக்காரர்கள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அன்றிரவு எட்டு மணி நேரம் அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். கனமில்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் இங்கே வந்து சேர்ந்தாள்.

இப்போது துணிக்குள் சரசரப்பு. நைலான் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம்தான். இரண்டு அசையாக உரசியது.

பொ... டிசு.

எழுந்துவிடலாம். கதவைத் திறக்கலாம். பயிற்சியாளரைக் கூப்பிடலாம். கூப்பிட்டு என்ன சொல்வது? யாரிடம், எதிலிருந்து ஆரம்பிப்பது?

மொத்த வெயிட்டையும் போடுங்க என்றாரே.

போட்டாள்.

துணி கீழிருந்து உந்தியது. காற்று உந்துவதுபோல் பரவலாக இல்லை. அவள் இடது தோளில், ஐந்து இடங்களில், தனித்தனியாக. மெலிந்து மெலிந்து எலும்பாகிப்போன விரல்கள் எப்படி உந்தும் என்று அவளுக்குத் தெரியும். தினமும் பிடித்து நகம் வெட்டிவிட்ட விரல்கள்.

அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சுவரைப் பார்த்தாள். தகரத்தில் ஓர் ஆணித் துளை. அதன் வழியாக வெளிச்சம்.

பார்த்துக்கொண்டே இருந்தாள்.

உந்தல் குறைந்தது. நான்கு விரல். இரண்டு. பிறகு ஒன்று மட்டும், வெகுநேரம்.

பிறகு அதுவும் இல்லை.

அவளுக்குக் கீழே துணி காகிதமாகப் படிந்து கிடந்தது. வாடை இல்லை. கைகள் தாமாகவே வேலையைத் தொடங்கின. மூன்றாய் மடித்து, உள்பையில் திணித்து, கயிறுகளை ரப்பர் பட்டைகளில் செருகி, முதுகுப்பையை மூடி, அதைப் பூட்டும் ஊசியைக் குத்தினாள். ஒரு பிசிறு இல்லை.

பயிற்சியாளர் வந்து அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார்.

"அடேயப்பா! இப்படி ஒரு பேக்கிங்க நானே பண்ணினதில்ல. என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல," என்றாள். "சும்மா இருந்தேன்."

அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை, பளிச்சென்ற வெயில். விமானத்தின் கதவு திறந்தது. வயல்கள் கீழே கட்டம் கட்டமாகக் கிடந்தன. குதித்தாள். கூடவே குதித்த பயிற்சியாளர் குறித்த உயரம் வந்ததும் கைகாட்டிவிட்டு விலகினார். அவள் இடுப்புக்குக் கீழிருந்த பிடியை இழுத்தாள். பை திறந்தது. கயிறுகள் நீண்டன. சொல்லிக்கொடுத்தபடி அண்ணாந்து பார்த்தாள்.

சிக்கல் இல்லை. முறுக்கு இல்லை. கிழிசல் இல்லை.

துணி விரியவில்லை.

காற்று அவள் கன்னத்தைப் பிய்த்தது. மூக்கிலும் வாயிலும் சட்டைக்கைகளிலும் புகுந்து உப்பியது. உலகத்துக் காற்றெல்லாம் அங்கேதான் இருந்தது. அதன் நடுவில் பாராசூட் அவள் தலைக்கு மேல் ஒடுங்கி நெட்டுக்குத்தாக நின்றது. ஒன்பது வாய்களும் வரிசையாக, இறுக மூடியிருந்தன.

மார்பில் சிவப்புப் பிடி. இழுத்தால் இந்தத் துணி கழன்றுபோகும். மாற்றுப் பாராசூட் வரும். நூறு தடவை பழகியது. கை அதைப் பிடித்தது.

பிடித்தபடியே நின்றது.

மேலே நடுவிலிருந்த வாய் அசைந்தது. ஓர் ஓரத்திலிருந்து, ஒட்டிக் காய்ந்த உதடு பிரிவதுபோல், மெல்ல. காற்றைக் குடிக்கும் வாய் அப்படித் திறக்காது. யாரையோ கூப்பிடும் வாய்தான் அப்படித் திறக்கும்.