படுக்கையிலிருந்தே கடல்

திருப்பூர் மண்ணரையில், ஒரு பனியன் யூனிட்டில், கட்டிங் டேபிளுக்கு அடியில் செங்கோட்டையன் கிடந்தார். கழுத்தில் நாடா இறுகியிருந்தது.

பிணம்!

கேட் சாவி இருந்தது இரண்டே பேரிடம். ஒருவன் வாட்ச்மேன் காசிமாயன். இன்னொருவன் செங்கோட்டையனின் பார்ட்னர் அருள்செல்வன்.

அருள்செல்வனோ கொலை நடந்தபோது நடுக்கடலில், சொகுசுக் கப்பலில்! டிக்கெட் இருந்தது. கப்பலில் ஏறியதற்குப் பதிவும் இருந்தது.

அப்புறமென்ன? காசிமாயனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக ஜீப் தயார்.

ஸ்டேஷன் வாசலில் அவன் மனைவி செல்லத்தாய், இன்ஸ்பெக்டர் அனுப்பிரியாவை மறித்தாள்.

"கோழி அறுக்கவே பயப்படுற மனுசன்மா... அவரு உள்ள போயிட்டா நானும் புள்ளையும் என்னம்மா செய்வோம்?"

அனுப்பிரியா உள்ளே போய், வாக்குமூலம் கொடுக்க வந்திருந்த அருள்செல்வன் எதிரில் உட்கார்ந்தாள்.

"கப்பல்ல எந்த ரூமுங்க?"

"இருக்கறதுலயே சின்னதுங்க. ரேட்டு கம்மி."

"எங்கம்மாவைக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கனுங்க. அந்தச் சின்ன ரூம் தேறுமா? பொட்டி மாதிரி இருக்கும், தண்டச் செலவுங்கறாங்களே?"

அருள்செல்வனுக்குச் சுருக்கென்றது. திருப்பூர் வியாபாரி கொலைப்பழியைக்கூடத் தாங்கிக்கொள்வான். தான் வாங்கிய சரக்கு மட்டம் என்றால் தாங்கமாட்டான்.

"யாருங்க சொன்னது? தூங்கறதுக்கு எதுக்குங்க பெரிய ரூமு? பெரிய ரூமுக்காரனுக்கும் அதே இட்லி, எனக்கும் அதே இட்லி."

"மூச்சு முட்டாதுங்களா?"

"ஜன்னல் திரையை விலக்கினாப் போதுமுங்க. படுத்துக்கிட்டே கடலைப் பார்க்கலாம். காலைல வெயில் மூஞ்சில அடிச்சுத்தான் எந்திரிச்சேன்."

அனுப்பிரியா பேனாவை மூடினாள்.

"கப்பல் கம்பெனில விசாரிச்சுட்டேனுங்க. உங்க ரூம் கப்பலோட நடுவுல இருக்குது. நாலு பக்கமும் சுவரு. ஜன்னலே கிடையாது."

அருள்செல்வனின் முகம் சிவந்தது. பயத்தால் அல்ல... ஏமாந்த வியாபாரியின் கோபம்!

"ஜன்னல் இல்லியா? அந்தத் தம்பிப்பய ஒரு வார்த்தை சொல்லலீங்களே..."

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினான்.

"எந்தத் தம்பிங்க? உங்க ஆதார் கார்டைக் காட்டிக் கப்பல் ஏறுன, உங்க ஜாடைல இருக்கற உங்க தம்பி முருகவேலுங்களா?"

அருள்செல்வனுக்கு வியர்த்தது.

"சரக்கு வாங்கற பையர் அத்தனை பேரையும் செங்கோட்டையன் அவன் பக்கம் இழுத்துட்டானுங்க... அதான்..." என்று முனகினான்.

வாசலில் செல்லத்தாய், வெளியே வந்த புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அவனுக்காக நின்ற ஜீப்பில் அருள்செல்வனை ஏற்றினார்கள்.

அனுப்பிரியா ஜீப்புக்குள் குனிந்தாள்.

"கவலைப்படாதீங்க. இப்பப் போற ரூமும் அதே சைஸுதானுங்க. ஆனா இதுல ஜன்னல் உண்டு, கம்பி போட்டது. சாப்பாடும் சேர்த்தி... வாடகையே கிடையாது!"