தும்பிக்கு வேலி தெரியாது

சிட்டுவின் அம்மா வைத்திருந்த ட்ரோனுக்குத் தும்பி என்று பெயர். பெயர் வைத்தது சிட்டுதான். ஆறு விசிறிகள் இருந்தும், தும்பி வானத்தில் பறந்ததைவிட அம்மாவின் வேனில் ஏறிச் சவாரி போனதுதான் அதிகம்.

தோட்டங்களுக்கு மருந்து தெளிப்பது அதன் வேலை. ஒரு சின்னத் தோட்டத்துக்குப் பத்தே நிமிடம் போதும். ஆனால் அங்கே போய்வர டீசல், பேட்டரிக்கு மின்சாரம், அம்மாவுக்கு அரை நாள். வரும் கூலி வழியிலேயே கரைந்துவிடும். இப்படியே போனால் மாதக் கடைசியில் தும்பியைத் தவணைக்குத் தந்த கடையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான் என்று அம்மா சொல்லியிருந்தார்.

அன்றிலிருந்து சிட்டு தும்பியைக் காலையிலும் துடைத்தாள், மாலையிலும் துடைத்தாள்.

ஒரு சனிக்கிழமை தொப்பி மாமாவின் தக்காளித் தோட்டத்தில் வேலை. தூங்கும்போதும் அவர் தொப்பியைக் கழற்றமாட்டார் என்று பேச்சு. வேனின் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சிட்டு உள்ளேயிருந்து பார்த்தாள். தும்பி வேலி வரை போனது, திரும்பியது, மறுபடி வேலி வரை போனது. செடிகளிலிருந்து மாவு பறப்பதுபோல வெள்ளை ஈக்கள் எழும்பின. வேலியைத் தாண்டி, பக்கத்துத் தோட்டத்துக் குடை அத்தையின் தக்காளிச் செடிகளில் போய் உட்கார்ந்தன.

மறுநாளே குடை அத்தை கூப்பிட்டார். அங்கேயும் போய்த் தெளித்தார்கள். அடுத்த வாரம் மறுபடி தொப்பி மாமாவின் போன்.

"அம்மா, எல்லாம் அதே ஈதான்" என்றாள் சிட்டு. "அது ஊர் சுத்துது, நாம டீசல் போடுறோம்."

செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அம்மா, ஒற்றைக் காலில் நின்றபடியே சிரித்தார். பிறகு குடை அத்தைக்குப் போன் செய்தார். இரண்டு தோட்டத்துக்கும் ஒரே நாளில் தெளித்தால் இருவருக்குமே கூலியைக் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

கூலி குறைவதில் இருவருக்கும் சந்தோஷம். யாருக்கு முதலில் என்பதில்தான் சண்டை. தெளிக்கப் போன அன்று, தன் தோட்டத்துக்குத்தான் முதலில் என்று தொப்பி மாமா வேலியோரம் நின்று அடம்பிடித்தார்.

"அப்போ என் தக்காளி என்ன, உங்க ஈக்கு வச்ச விருந்தா?" என்று குடை அத்தை குடையை மடக்கினார்.

அம்மா திரும்பிப் போக வேன் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். மாதக் கடைசி நினைவுக்கு வந்ததும் சிட்டு குறுக்கே வந்து நின்றாள்.

"அத்தை, வேலி தரையிலதானே இருக்கு? தும்பிக்கு வேலி தெரியாது" என்றாள். "மாமா தோட்டத்துக் கோடியில கிளம்பி, நிக்காம உங்க தோட்டத்துக் கோடி வரைக்கும் போகட்டுமே. முதல் வரிசை ரெண்டு பேருக்கும்."

அத்தை மடக்கிய குடையை மறுபடி விரித்தார்.

"சரி. ஈக்கு மூச்சு வாங்கக்கூட நேரமிருக்காது" என்றார்.

எல்லோரும் வேனுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அம்மா மட்டும் முகக்கவசத்தோடு வெளியே நின்று இயக்கினார். தும்பி நீளநீளமாகப் பறந்தது. திருப்பங்கள் பாதியாகக் குறைந்ததால், மாற்று பேட்டரி பெட்டியிலேயே தூங்கியது.

அடுத்த தோட்டக்காரர் மெதுவாக வந்து வேன் கண்ணாடியைத் தட்டினார். இதே கூலிக்குத் தன் வேலியையும் தாண்டுமா என்று கேட்டார். அவர் மட்டுமல்ல, அந்த வரிசையிலிருந்த தோட்டக்காரர்கள் எல்லோருமே ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள்.

மாதக் கடைசியில் கடைக்காரர் போன் செய்தபோது, சிட்டுதான் எடுத்தாள்.

"தவணை கட்ட அம்மா கிளம்பிட்டாங்க" என்றாள். "தும்பி வராது. அதுக்கு நிறைய வேலை இருக்கு."