முகவரி இல்லாத பார்வையாளர்

போன வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மரக்காணம் உப்பளத்துக்கு நடுவே இருக்கும் தகரக் கொட்டகைக்கு டிவிஎஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். தாலுகா ஆபீசுக்கு எதிரே உட்கார்ந்து மனு எழுதுவது என் தொழில். பெயர் சகாதேவன். அன்றைக்குக் கூப்பிட்டது சினிமா வேலைக்கு.

முந்தின வருஷம் சென்னைக் கம்பெனி ஒன்று எங்கள் உப்பளத்தைப் பாலைவனமாக வைத்துப் படம் எடுத்தது. தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரையில் வருகிறவர்கள் ஒரு பக்கம், ரத்தம் குடிக்கும் பேய் ஒரு பக்கம். கூட்டத்தில் நின்றவர்கள் எல்லாம் உப்புத் தொழிலாளிகள். வெளியிடுவதற்கு முன்னால் அவர்களுக்கே போட்டுக்காட்டி அபிப்பிராயம் வாங்க வந்திருந்தாள் ஹுமா. கோட்டக்குப்பத்துப் பெண், உதவி இயக்குநர். எழுதத் தெரியாதவர்கள் சொல்வதை நான் படிவத்தில் எழுதி, படித்துக்காட்டி, கைநாட்டு வாங்க வேண்டும்.

"அட்ரஸ் இல்லாத ஃபாரத்த கம்பெனில எடுத்துக்க மாட்டாங்கண்ணா. அத மட்டும் பாத்துக்குங்க," என்றாள்.

சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்பதே என் நினைப்பு. என் மனைவி அமராவதி இருபத்திரண்டு வருஷம் உப்பளத்தில் வேலை செய்தவள். பாதத்து வெடிப்பில் பிடித்த புண் சக்கரை வியாதியால் ஆறவே இல்லை. திங்கட்கிழமைக்குள் காயாவிட்டால் விரலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் தனியாகப் படுத்திருந்தாள்.

படம் முடிந்ததும் வரிசையாக வந்தார்கள்.

"பேய் ஓகே. குதிரதான் பொய்," என்றார் ஆதிமூலம். "நம்ம வரப்புல குதிர ஓடுமா? ரெண்டாவது அடியில சேத்துல இறங்கிடும். குதிர ஃபெயிலுன்னு எழுதுப்பா."

"கோட்டு போட்டுக்கினு மத்தியான வெயில்ல நிக்கிறான். அவனப் பேய் வேற வந்து கொல்லணுமா?" என்றாள் திரௌபதி. பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

உப்பு வேலையோடு கூனிமேட்டில் கடையும் வைத்திருக்கும் நூருல்லா பாய் யோசித்துச் சொன்னார். "மொத குண்டுலயே சாவலன்னு தெரிஞ்சிடுச்சில்ல? அப்புறம் எதுக்கு அத்தன தடவ சுடறான்? ஆனா, கூப்பிட்டாதான் வீட்டுக்குள்ள வரும்னு வாசல்லயே நிக்குது பாருங்க, அந்த சீன்ல கை காலு வெலவெலத்துப் போச்சு. அதையும் போடுங்க."

ஐந்து மணிக்குப் பத்தொன்பது படிவம் முடிந்திருந்தது. எல்லாரும் போய்விட்டார்கள். புரொஜெக்டரை வாசலில் நின்ற காரில் ஏற்ற ஹுமா வெளியே போனாள். கொட்டகைக்கு ஒரே வாசல். அதன் வழியே வெள்ளை வெள்ளையாகப் பாத்திகள் கண்ணைக் கூச வைத்தன. காற்று நின்றிருந்தது. பாசி காய்ந்த வாடை.

பேனாவை மூடப் போனேன்.

"எனக்கும் எழுதணும்."

கடைசி பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். படிவத்தோடு அருகே போனேன். முக்காடு நெற்றி வரை இறங்கியிருந்தது. கணுக்கால் வரை உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. அந்த வெக்கையிலும் அவள் பக்கமிருந்து குளிர் வந்தது. உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் மேல் வேர்வை வாடை இருக்கும். அவள் மேல் எந்த வாடையும் இல்லை.

"பேர் சொல்லும்மா."

"சின்னப்பாப்பா."

"படம் எப்படி இருந்துச்சு?"

"வெயில் பட்டா எரிஞ்சிடும்னு காட்றாங்க." குரல் மெதுவாக இருந்தது. "எரியாது. எழுதிக்குங்க."

எழுதினேன். சொன்னதைச் சொன்னபடி எழுதுவதுதான் என் வழக்கம்.

"கழுத்தக் கடிக்குது. கழுத்து எதுக்குங்க? இங்க எல்லா பாதத்துலயும் வெடிப்பு இருக்குது."

இந்த ஊர்க் கேலி என்று நினைத்துக்கொண்டு அதையும் எழுதினேன்.

"யாராச்சும் இடம் கொடுத்தாதான் வீட்டுக்குள்ள போவுமாம். அது ஒண்ணுதான் சரியா எடுத்திருக்காங்க."

படித்துக்காட்டினேன். தலையாட்டினாள்.

"அட்ரஸ்?"

"எனக்கு ஏதுங்க அட்ரஸ்?"

பருவத்துக்கு வெளியூரிலிருந்து வந்து கொட்டகையில் தங்குகிறவர்களுக்கு மனு எழுதும்போது நான் என் முகவரியைத்தான் போடுவேன். தபால் என் வீட்டுக்கு வரும், கொண்டுபோய்க் கொடுப்பேன். எத்தனையோ வருஷப் பழக்கம். கை தன்பாட்டில் எழுதியது: மே/பா சகாதேவன், கதவு எண் 14, பள்ளிக்கூடத் தெரு, மரக்காணம்.

"இன்னா எழுதுனீங்க?"

"என் வீட்டு அட்ரஸ். கேர் ஆஃப் போட்டிருக்கேன்."

"அப்ப நான் அங்க இருக்கலாம்னு சொல்றீங்க."

"ஆமாம்மா. அதுக்குத்தான போடறது."

மை டப்பாவை நீட்டினேன். அவள் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினேன். பாறை உப்பைத் தொட்ட மாதிரி இருந்தது.

தாளில் நீல வட்டம் விழுந்தது. ரேகை ஒன்றுகூட இல்லை.

மை டப்பாவைப் பார்த்தேன். காலையில்தான் மை ஊற்றியிருந்தேன். பஞ்சு வறண்டு, வெடித்துக் கிடந்தது.

நிமிர்ந்தேன்.

பெஞ்சு காலி.

"யாரு கூடண்ணா பேசறீங்க?" ஹுமா வாசலில் நின்றிருந்தாள். "நான் இங்கயேதான் இருக்கேன். யாரும் வெளிய வரலையே."

படிவத்தை மறுபடி படித்தேன். இடம் கொடுத்தால்தான் போகும். கீழே என் முகவரி, என் கையெழுத்தில்.

வண்டியை எடுத்தேன். எட்டு நிமிஷத்தில் வீடு.

அமராவதி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் பல மாதமாகக் காணாத நிம்மதி.

"யாருங்க அந்தம்மா? நீங்கதான் எழுதிக் கொடுத்தீங்கன்னு சொன்னாங்க."

"எங்க?"

"தாகமா இருக்குதுன்னாங்க. தண்ணி எடுக்க எழுந்தேன். வேணாம், நீ படுன்னுட்டு காலப் புடிச்சிப் பாத்தாங்க."

புண்ணின் கட்டு அவிழ்ந்து, மடித்துத் தலைமாட்டில் வைக்கப்பட்டிருந்தது. பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். நாலு மாதமாக நீர் கசிந்த இடத்தில் சுண்ணாம்பு தேய்த்தது போல் ஒரு வெள்ளைக் கோடு. கசிவு இல்லை, சிவப்பு இல்லை. சுற்றிலும் சதை ஒட்டிப் போயிருந்தது.

"வலியே இல்லீங்க," என்றாள். "தண்ணி மட்டும் கொஞ்சம் கொடுங்க."

அன்றிரவுக்குள் ஒரு குடம் குடித்தாள்.

வெள்ளிக்கிழமை ஹுமாவைத் தேடிப் போய் படிவத்தில் என் முகவரியை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் அமராவதி இரண்டு குடம் குடித்தாள். பெருமுக்கல்லில் அவள் தங்கை மலர்கொடி வீட்டுக்குப் போய்விடலாம் என்று கெஞ்சினேன்.

"வீட்டுக்கு வந்தவங்கள உட்டுட்டு எப்டிங்க போறது?" என்றாள். அவள் பேசியது என்னிடம். பார்த்தது மூலையில் கிடந்த நாற்காலியை.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எழுதிக் கொடுத்ததை எழுதித்தான் ரத்து செய்ய முடியும். சனிக்கிழமை காலை எழுதினேன்: "திருமதி சின்னப்பாப்பா அவர்களுக்கு, என் முகவரியில் தாங்கள் தங்க நான் அளித்த சம்மதத்தை இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன். உடனே வெளியேறவும்." உறையில் முகவரி எழுதும் இடத்தில் கை நின்றது. அவளுக்கு இருந்தது ஒரே முகவரி.

என் வீட்டு முகவரியையே எழுதித் தபாலில் சேர்த்தேன்.

திங்கட்கிழமை டாக்டர் புண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். நன்றாகக் காய்ந்துவிட்டதாம், விரலை எடுக்க வேண்டாமாம். எடை பார்த்த நர்ஸ் மட்டும் மெஷினைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். நாலு நாளில் ஒன்பது கிலோ குறைந்திருந்தது. வீட்டுக்குத் தூக்கி வந்தபோது காய்ந்த ஓலையைத் தூக்குவது போல இருந்தது.

இன்று செவ்வாய். மருந்து வாங்கிக்கொண்டு திரும்பியபோது தெரு முனையில் தபால்கார மேரிசெல்வி சைக்கிளை நிறுத்தினாள்.

"உங்க வீட்டு லெட்டர் கொடுத்துட்டேங்க. அக்கா எழுந்து வர முடியலன்னு, கூட இருக்கற அம்மாவே வந்து வாங்கிக்கினாங்க."

ஓடினேன். வாசல் கதவு திறந்திருந்தது. உள்ளே அமராவதி கட்டிலில் இருந்தாள். மடியில் பிரித்த கடிதம். உதடு வெடித்திருந்தது, வெடிப்பில் ரத்தம் இல்லை.

"அவங்களுக்குப் படிக்கத் தெரியாதுல்ல. நான்தான் படிச்சிக் காட்டினேன்," என்றாள்.

"இன்னா சொன்னாங்க?"

அவள் நாற்காலிப் பக்கம் திரும்பி, காது கொடுத்துக் கேட்டாள். தலையாட்டினாள்.

"போறாங்களாம். எங்கிட்ட இனிமே எடுக்க ஒண்ணுமில்லன்றாங்க. நீங்க வந்தா என்ன உட்டுடறாங்களாம்."

காலை உள்ளே வைக்காமல் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றேன்.

"வெளியவே நிக்காதீங்க," என்றாள் அமராவதி. "செருப்பக் கழட்டிட்டு உள்ள வரச் சொல்றாங்க."