பத்தியக் காவலன்

ஞாயிற்றுக்கிழமை காலை. அடுத்த வாரத்தின் இருபத்தொரு வேளைச் சாப்பாட்டையும் முடிவு செய்யும் கூட்டம் சமையலறையில் நடந்துகொண்டிருந்தது. மேசைக்கு ஒரு பக்கம் பிரணவன், மறு பக்கம் அவன் மனைவி மிருதுளா, தலைக்கு மேலே தண்டவாளத்தில் தொங்கும் பத்தியக் காவலன்.

“திங்கக்கிழமை காலைல கேழ்வரகு இட்லிங்க. மத்தியானம் குதிரைவாலிச் சோறு, கொள்ளு ரசம்,” என்றாள் மிருதுளா. கட்டுப் போட்ட இடது கையை மடியில் மறைத்திருந்தாள்.

“கொள்ளு போன வாரமும் வந்துச்சு. ஒன்னையே எத்தனை தடவை திங்கறது? கொஞ்சம் மூளைய ஓட்டு.”

“சரிங்க, வாழைத்தண்டு சூப்பு வெச்சர்றேன்.”

இருவருக்கும் சர்க்கரை எல்லை தாண்டியதும் மருத்துவர் எழுதிக் கொடுத்த சாதனம்தான் இந்தக் காவலன். கோவையில் இப்போது காவலன் இல்லாத அடுக்களையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இரண்டு எஃகுக் கைகள், புகைபோக்கியில் ஒரு கண், பணிவான குரல். சமைக்காது, கண்டதைத் தின்ன விடாது, அவ்வளவுதான். எவ்வளவு பலமாகத் தடுப்பது என்பதை மட்டும் சட்டம் அதன் பொறுப்பில் விடவில்லை. கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் எப்படித் தடுக்கிறார்கள் என்று அது பார்க்கும். தடுக்கப்பட்டவரிடம் “இது ஏற்கத்தக்கதா?” என்று கேட்கும். “பரவாயில்லை” என்று பதில் வந்தால், அன்றிலிருந்து அது அந்த வீட்டு வழக்கம். எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு பாருங்கள்! கேள்வி கேட்கும்போது தடுத்தவரும் பக்கத்திலேயே நிற்பார் என்பது மட்டும் அதைச் செய்த புத்திசாலிகளுக்குத் தோன்றவில்லை.

முதல் வாரம் அவள் வெல்லக்கட்டியைத் தொட்டபோது பிரணவன் மணிக்கட்டைப் பிடித்தான். சிரித்துக்கொண்டே பரவாயில்லை என்றாள். மூன்றாம் வாரம் ஓர் அப்பளத்துக்காகக் கன்னத்தில் அறைந்தான். அதற்கும் பரவாயில்லை என்றாள். ஐந்தாம் வாரம் ஒரு வாய் வெள்ளைச் சோறு அள்ளியதற்கு, அவள் உள்ளங்கையைக் காய்ந்த தோசைக்கல்லில் வைத்து அழுத்தி, ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாக எண்ணினான். காவலன் கேட்டது. அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். “பரவாயில்லை,” என்றாள். போனில் கேட்ட அம்மாவிடமும் கை தவறிப் பட்டுவிட்டது என்றுதான் சொன்னாள். அந்தக் கல்லுக்கு அவளை இழுக்க இப்போது நான்கு கைகள் இருந்தன. பயத்தில் அவள் உப்புப் பார்க்கக்கூட விரலை நாக்கில் வைப்பதில்லை.

செவ்வாய்க்கிழமைக்கு முருங்கைக்கீரை அடை என்று அவள் எழுதிக்கொண்டிருந்தபோது பிரணவன் எழுந்தான். அலுவலகப் பையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துத் திறந்தான். நெய் மைசூர்பாகு. இத்தனை நாள் வெளியே தின்று பழகியவனுக்கு வீட்டிலும் துணிவு வந்துவிட்டது.

எஃகுக் கை இறங்கி அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

“விடுறா டேய்!”

மைசூர்பாகை இடது கைக்கு மாற்றினான். இன்னொரு எஃகுக் கை கன்னத்தில் விட்ட அறையில் அவன் உதடு கிழிந்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டு, இடி உரலின் உலக்கையை எடுத்துக் காவலனின் மணிக்கட்டில் ஓங்கி அடித்தான். அது உலக்கையைப் பிடுங்கி எறிந்தது. சுவர் ஓடு சிதறியது. அடுப்பு தானாகப் பற்றிக்கொண்டது.

தோசைக்கல் புகைய ஆரம்பித்ததும்தான் அவனுக்கு விஷயம் புரிந்தது. “நிறுத்து! இதென்ன, மனுஷனப் போட்டு அடிக்கறே?”

“இந்த வீட்டில் இதற்குத் தடுத்தல் என்று பெயர். நீங்கள்தான் கற்றுக்கொடுத்தீர்கள்,” என்றது காவலன். “நீங்கள் மிருதுளாவுக்குச் செய்தவை அடிகள் என்றால் சொல்லுங்கள். அந்த வழக்கங்களை அழித்துவிட்டு, சட்டப்படி காவல் நிலையத்துக்குத் தெரிவிக்கிறேன்.”

“போலீசா? அதெல்லாம் அடியில்ல. சும்மா வெளையாட்டுக்கு…”

“நல்லது. அப்படியானால் இதுவும் அடி இல்லை.”

உள்ளங்கை கல்லில் படிந்தது. மிருதுளாவுக்குத் தெரிந்த அதே சத்தம், அதே வாடை.

“ஒன்று,” என்றது காவலன்.

“மிருது! அடிச்சேன்னு சொல்லு! நான் அடிச்சேன்னு சொல்லுடி!”

ஐந்து வாரமாக அவள் எவரிடமும் சொல்லிவிடக்கூடாது என்று அவன் காத்துவந்த சொல் அது. அவளுக்கு அவன்மேல் பாவம் வரவில்லை. வராததை நினைத்து அவளுக்கே பயமாக இருந்தது.

“இரண்டு.”

“அடிதான்,” என்றாள் மிருதுளா. “மூணும் அடிதான். மணிக்கட்டைப் புடிச்சதும் சேத்தி. எதுவுமே எனக்குப் பரவாயில்லைன்னு இருந்ததில்ல.”

எஃகு விரல்கள் விரிந்தன. பிரணவன் தரையில் சரிந்து, கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அலறினான். காவலன் விதிப்படி தடுக்கப்பட்டவரைக் கேட்டது: “பிரணவன், இது ஏற்கத்தக்கதா?”

“இல்லடா! இல்ல!”

அவளால் ஐந்து வாரமாகச் சொல்ல முடியாத வார்த்தை அவனுக்கு ஒரு நொடியில் வந்துவிட்டது.

“இருவர் மறுப்பும் பதிவாகி, காவல் நிலையத்துக்கு அனுப்பப்பட்டது,” என்றது காவலன்.

மிருதுளா அடுப்பை அணைத்தாள். அவனுக்காகக் குழாயைத் திறந்துவிட்டாள். பிறகு மேசையில் கிடந்த மைசூர்பாகில் ஒன்றை எடுத்தாள். மேலிருந்து எஃகுக் கைகள் விரைந்து வந்து, பாதி வழியில் நின்றன. அவற்றுக்குத் தெரிந்த எல்லாமே அழிந்திருந்தது.

“மிருதுளா, அதில் சர்க்கரை இருக்கிறது.”

“தெரியும்,” என்று சொல்லி வாயில் போட்டுக்கொண்டாள். வாசலில் மணி அடிக்கும்வரை நிதானமாக மென்றுகொண்டிருந்தாள்.