கேரவனில் காணாமற்போன தாலிக்கொடி

அன்று அங்கே இருந்தவர்கள் இவர்கள்தான்: ஈஸ்ட் ஹாம் பாலேந்திரா, அவருடைய மகன் பிரவீணன், பிரவீணனுக்கு நிச்சயித்திருந்த துளசி (மலேசியாவில் பிறந்து, படிக்க வந்து, குட்மேய்ஸில் பெற்றோரோடு குடியிருப்பவள்), பாலேந்திராவின் தங்கை வசந்தமலர், அவளுடைய கணவர் கோபாலகிருஷ்ணன். அடுத்த கேரவனில் கோலியர்ஸ் வுட்டிலிருந்து வந்திருந்த சிங்கப்பூர்த் தம்பதியர், பவளக்கொடியும் ராஜுவும். வேறு ஒருவரும் இல்லை. தாங்களும் இருந்ததாகப் பிற்பாடு கதை சொன்னவர்கள் எல்லாரும் அன்றைக்கு லண்டனில்தான் இருந்தார்கள்.

எசெக்ஸ் கரையோரத்தில், தார் ரோடு முடிந்த பிறகும் கொஞ்ச தூரம் போனால்தான் அந்தக் கேரவன் பார்க் வரும். கடை கிடையாது. போனுக்குச் சிக்னல் வேண்டுமென்றால் புல்மேட்டில் ஏறவேண்டும். பாலேந்திராவுக்கு அந்த அமைதி பிடித்திருந்தது. ஆடி அமாவாசைக்குக் கடலில் முழுகித் தகப்பனுக்குத் தர்ப்பணம் கொடுப்பது அவர் குடும்பத்து வழக்கம். தேம்ஸ் தண்ணீரைக் கடலென்று சொல்லித் தம்மை ஏமாற்றிக்கொள்ள அவர் தயாராக இல்லை.

ஆனால் அன்று மத்தியானம், விரதச் சாப்பாடு தொடப்படாமல் ஆறிக்கொண்டிருக்க, அவர் அடுத்த கேரவன் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று.

“வாங்க சார்!” என்று கதவைத் திறந்தார் ராஜு. “விடியக்காலையில கொண்டுவந்து கொடுத்தீங்களே, அந்தக் கருவாட்டு டின்னைத்தான் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். நீங்க விரதம் முடிக்கிற வரைக்கும் மூடியைத் தொடக்கூடாதுன்னு வீட்டம்மா உத்தரவு.”

“பக்கத்துல விரதம் இருக்காங்க. இங்க கருவாடு பொரிச்சா நல்லாவா இருக்கும்?” என்றாள் பவளக்கொடி. காப்புறுதி (இன்ஷூரன்ஸ்) நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிப்பதையே வேலையாகச் செய்து ஓய்வு பெற்றவள். “உட்காருங்க சார். முகமே சரியில்லையே?”

பாலேந்திரா உட்காரவில்லை.

“என்ர வீட்டு விஷயத்தை வெளி ஆளிட்டைச் சொல்லுறது இதுதான் முதல் தரம்” என்றார். “கலியாணத்துக்குச் செய்வித்த தாலிக்கொடியைக் காணேல்லை.”

ஈஸ்ட் ஹாமில் அவருடைய தெருவில் நகைக் கள்ளர் புகுந்திருந்ததால், நகையை வீட்டில் விட மனமின்றிக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். பொறுப்பு வசந்தமலருடையது. படுக்கையறை லாச்சிக்குள், அதாவது மேசை இழுப்பறைக்குள், வைத்ததாக அவள் சொன்னாள். கடலிலிருந்து திரும்பிவந்து இழுத்துப் பார்த்தால் பட்டுப் பை மட்டும் கிடந்தது. காலையில் கேரவனில் இருந்தவள் துளசி ஒருத்திதான். தகப்பன் உயிரோடு இருப்பவர்களுக்கு ஆடி அமாவாசையில் வேலையில்லை. அதனால் அவள் மரக்கறி வெட்ட நின்றுவிட்டாள். பிரவீணன் பாத்திரங்கள் தூக்கப் போயிருந்தான்.

“நீங்க யாரைச் சந்தேகப்படறீங்க?” என்றாள் பவளக்கொடி.

“தங்கச்சி துளசியைச் சொல்லுறாள். அந்தப் பிள்ளை எடுக்கேல்லை. அவளைப் பெண் கேட்டுப் போனது நான். அவளைக் கள்ளி எண்டால் என்னைச் சொன்ன மாதிரி. விஷயம் கேள்விப்பட்டு, பின்னேரம் அவளின்ரை தகப்பன் வந்து கூட்டிக்கொண்டு போகப்போறார். போனால் கலியாணம் இல்லை. அதுக்கு முன்னம் எனக்கு உண்மை வேணும்.”

“கோபாலகிருஷ்ணன்தான்!” என்று ராஜு துள்ளினார். “அப்பவே புடிச்சு அந்த மேட்டுல போனும் கையுமா நிக்கிறார்.”

“வாய் நீளம்னா கையும் நீளமா? சும்மா இருங்க” என்றாள் பவளக்கொடி.

கேரவன் படியில் காகத்துக்கு வைத்த சோறு அப்படியே இருந்தது. காகம் வரவில்லை. கடற்பறவை ஒன்று எட்ட நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. துளசி தன் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பிரவீணன் தரையைப் பார்த்தபடி நின்றான்.

“பயமில்லாட்டிப் பையைத் திறந்து காட்டட்டுமன்” என்றாள் வசந்தமலர் உள்ளிருந்தபடி.

“காட்ட மாட்டேன் ஆன்ட்டி. இன்னிக்கு ஒரு தடவை திறந்தேன்னா, அப்புறம் இந்த வீட்டுல வாழ்நாள் முழுக்கத் திறந்துகிட்டே இருக்கணும்.”

அந்தக் கழுத்தின் நிமிர்வு பாலேந்திராவுக்குப் பிடித்திருந்தது. தம் வீட்டில் பிறந்தவர்களிடம் அதை அவர் அண்மையில் காணவில்லை.

பவளக்கொடி உள்ளே போய் லாச்சியைப் பார்த்தாள். பட்டுப் பை வாய் கட்டி, மடித்து, மூலையில் வைத்தபடி இருந்தது. வெளியே வந்து துளசியிடம் கேட்டாள்: “கடல்லேருந்து வந்ததும் ஆன்ட்டி முதல்ல என்ன பண்ணாங்க?”

“சிங்க்குக்கு அடியில குனிஞ்சு பார்த்தாங்க. ‘இஞ்சை இருந்த டின் எங்கை?’ன்னு கேட்டாங்க. எந்த டின்னுன்னேன். என்னை ஒரு மாதிரி முறைச்சாங்க. அதுக்கப்புறம்தான் ரூமுக்குள்ள போய் அழுதாங்க.”

பாலேந்திரா அடுத்த கேரவனை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“மேட்டுல இருக்கறவரையும் கூப்பிடுங்க” என்றாள் பவளக்கொடி. எல்லாரும் கூடியதும் நிதானமாகச் சொன்னாள்: “கொடியைத் திருடறவன் பையோட தூக்கிட்டு ஓடுவான். பையைக் கட்டி மடிச்சு வைக்க மாட்டான். மடிச்சது நகைக்குச் சொந்தக்காரங்க கை. அப்போ கொடி லாச்சியில இருந்ததே இல்ல. வந்ததும் ஆன்ட்டி தேடின இடம் லாச்சி இல்ல, சிங்க் அடி. அங்க இருந்தது ஒரு டின். விரதத்துக்குன்னே புதுச் சட்டி வாங்கிட்டு வந்தவங்க, அதே குசினியில கருவாட்டை ஏன் வைக்கணும்? விரத நாள்ல அதை ஒருத்தரும் தொட மாட்டாங்க. அதைவிடப் பத்திரமான இடம் ஏது?”

“அப்ப டின் எங்கை?” என்றார் கோபாலகிருஷ்ணன்.

“ஆன்ட்டி கணக்குல ஒரே ஒரு பிசகு. வீட்டுல அவங்களைவிடக் கண்டிப்பான ஆள் ஒருத்தர் இருக்கார்.”

“நான்தான்” என்றார் பாலேந்திரா. “நீங்கள் எல்லாரும் கடற்கரைக்கு இறங்கின பிறகு தண்ணி குடிக்க வந்தனான். துளசி அப்ப குளிச்சுக்கொண்டு நிண்டவள். விரத நாளிலை குசினிக்குள்ளை மீன் மணம். டின்னைத் தூக்கி இவையிட்டைக் குடுத்தன்.”

“எங்களுக்கு விரதம் இல்லைன்னு சாருக்குத் தெரியும்” என்றாள் பவளக்கொடி. “இவரோட அப்பா மலேசியாவுல, ஈப்போவில, நல்லா இருக்கார். எனக்கும் அப்படித்தான்.”

ராஜு அதற்குள் ஓடிப்போய் டின்னோடு வந்துவிட்டார். கருவாட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் பை, அதற்குள் கொடி.

“ஐயோ, பொரிச்சிருப்பேனே!” என்றார் ராஜு. பிரவீணன் சிரித்துவிட்டான். தகப்பனின் பார்வை பட்டதும் நிறுத்தினான்.

வசந்தமலர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “கள்ளர் கருவாட்டுக்குள்ளை கை விடமாட்டாங்கள் எண்டு வச்சிட்டன், அண்ணை. டின்னைக் காணேல்லை எண்டதும் இவள்தான் கண்டெடுத்திட்டாள் எண்டு நினைச்சன். தாலியைக் கருவாட்டுக்குள்ளை வச்சனான் எண்டு எந்த வாயாலை சொல்லுறது?”

கோபாலகிருஷ்ணன் குரலைத் தாழ்த்தினார். “அத்தான், இது இதோடை இருக்கட்டும். கொடி லாச்சிக்குப் பின்னாலை விழுந்து கிடந்ததெண்டு சொல்லுவம். குடும்ப மரியாதை...”

“லாச்சிக்குப் பின்னாலையோ? அப்ப சனம் என்ன சொல்லும்? பெட்டை பயத்திலை திருப்பி வச்சிட்டாள் எண்டு சொல்லும். எங்கட மரியாதையைக் காப்பாத்த அவளின்ரை மரியாதையை விக்கிறதோ? மேட்டிலை ஏறும், கோபால். ஆர் ஆருக்குப் போன் எடுத்தீரோ அவைக்கெல்லாம் திரும்பவும் எடும். வச்சது என்ர தங்கச்சி, தூக்கிக் குடுத்தது பாலேந்திரா எண்டு பேரோடை சொல்லும்.”

“சிரிப்பாங்கள், அத்தான்.”

“சிரிக்கட்டும். என்ர முகத்துக்கு நேரை வந்து சிரிக்கட்டும்.”

கோபாலகிருஷ்ணன் மேட்டில் ஏறினார்.

மாலையில் துளசியின் தகப்பனுடைய கார் வந்தபோது பாலேந்திரா தாமே எதிர்கொண்டு போய், அவர் வாய் திறக்குமுன் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். பிறகு துளசியிடம் திரும்பினார். “போறதெண்டால் போகலாம், பிள்ளை. நான் மறிக்கமாட்டன்.”

துளசி வசந்தமலரைப் பார்த்தாள். வசந்தமலர் எழுந்து வந்து, “என்னிலைதான் பிழை” என்றாள், எல்லாருக்கும் கேட்க.

“சாப்பாடு ஆறிப் போச்சு, மாமா” என்றாள் துளசி. “சூடு பண்ணட்டுமா?”

துளசியின் பை கடைசிவரை திறக்கப்படவில்லை. அதில் என்ன இருந்ததென்று பாலேந்திரா இன்றுவரை கேட்டதும் இல்லை.

ஆவணியில் கலியாணம் நடந்தது. அதன் பிறகு ஒரு நாள் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில், மரக்கறிக் கடையொன்றில், அவர் முதுகுக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள்: “கருவாடு மணக்குதெண்டு அந்தக் கொடியை உருக்கிப் போட்டு, வேறை செய்வித்துத்தானாம் கட்டினவை.”

பாலேந்திரா திரும்பினார்.

“உருக்கேல்லை” என்றார், கூடையிலிருந்த எலுமிச்சம்பழத்தைக் காட்டி. “தேசிக்காய்ப் புளி விட்டுக் கழுவினது. கட்டினது அதே கொடிதான்.”